நூறு இலக்க எண்ணும் வாசலில் நின்ற காரும்

தென்காசி

அன்பு மகன் ஹுஸைஃபாவுக்கு உம்மா எழுதுவது, அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ் கிருபையால் நானும் வாப்பாவும் உடம்புக்குச் சுகம், எனக்கு மனசுதான் ஒரு நிலையில் இல்லை. ஜெர்மனியில் கணக்குப் படிக்கப் போன நீ வேளைக்குச் சாப்பிடுகிறாயா, கதவைப் பூட்டிக்கொண்டு படுக்கிறாயா. போனில் பேசினால் எவனாவது ஒட்டுக் கேட்பானோ என்று பயந்துதான் தபாலில் எழுதுகிறேன்.

போன வெள்ளிக்கிழமை நீ சந்தோஷமாகச் சொன்னாயே, வாத்தியார் கொடுத்த நூறு இலக்க எண்ணைப் பிரித்துவிட்டேன், அது இரட்டைப்படை இல்லை, மூன்றாலும் ஏழாலும் வகுபடாது, பார்த்தால் பகா எண் மாதிரியே இருந்தது, ஆனால் உள்ளே இரண்டு பகா எண் ஒளிந்திருந்தது என்று, அன்றைக்கு எனக்கு ஒன்றும் விளங்கவில்லை, பக்கத்து வீட்டுக் கணக்கு டீச்சர் யோகலட்சுமியிடம் கேட்டேன். வாப்பா புளியங்குடியிலிருந்து கொண்டுவந்த எலுமிச்சங்காயைத் தரையில் பரப்பிக் காட்டினாள், பதினைந்து காயை மூன்று வரிசையாகச் சமமாக அடுக்கலாம், அது பகு எண், பதிமூன்றை எப்படி அடுக்கினாலும் ஒற்றை வரிசைதான், அது பகா எண். நூறு இலக்கத்துக்கு உலகத்து எலுமிச்சை பூராவும் போதாதாம். அத்தோடு விட்டிருக்கலாம், பேங்குப் பூட்டெல்லாம் இந்த மாதிரி எண்ணுலதான் இருக்கு, உள்ள இருக்க ரெண்டையும் கண்டுபிடிச்சவன் திறந்துருவான் அக்கா என்றும் சொல்லிவிட்டாள்.

அதிலிருந்து எனக்கு உறக்கம் இல்லை. வாப்பா வேறு கமிஷன் கடையில் எல்லாரிடமும், எம் மகன் பேங்குப் பூட்டையே திறந்துருவாம்லே என்று சொல்லிக்கொண்டு திரிகிறார்கள். குற்றாலத்தில் சாரல் தொடங்கிவிட்டது, தெருவில் நிற்பதெல்லாம் வெளியூர்க் கார், ஒவ்வொன்றும் உன்னைத் தேடி வந்ததாகவே தெரிகிறது. திங்கட்கிழமை ஒரு வெள்ளைக் காரில் இரண்டு பேர் வந்து, உங்க மகன் அங்கன என்ன பண்ணுதாரு, பெரிய நம்பரையெல்லாம் உடைக்காராமே நெசமா என்று கேட்டார்கள். நான் கதவுக்குப் பின்னாலேயே நின்று, அவனுக்குக் கணக்கே வராது, ஹோட்டல்ல தட்டு கழுவுதான் என்று சொல்லிவிட்டேன். மறுநாள்தான் தெரிந்தது, உன்னை மாப்பிள்ளையாகக் கேட்டிருந்த கடையத்துப் பெண்ணின் மாமன்மார், விசாரிக்க வந்தவர்களாம். சம்பந்தம் வேண்டாம் என்று தரகரிடம் சொல்லிவிட்டார்கள், காரணம் தெரியாமல் வாப்பா முகம் வாடி இருக்கிறார்கள். உண்மையைச் சொல்லிவிடலாம் என்று வாய்வரை வந்தது, சொன்னால் வாப்பா போய் விளக்குவார்கள், கடையத்திலும் உன் திறமையைப் பேசுவார்கள், அந்தப் பயத்தில் விழுங்கிவிட்டேன்.

நேற்று யோகலட்சுமி இன்னொன்று சொன்னாள். எண்ணுக்குள் இருக்கிற இரண்டும் ஊருக்கே தெரிந்துவிட்டால் அப்புறம் அது பூட்டுக்கு உதவாதாம், அதற்காக யாரும் தேடி வரமாட்டார்களாம். அதனால் நீ கண்டுபிடித்த இரண்டையும் எல்லாரும் பார்க்கிற மாதிரி எழுதிப் போட்டுவிடு மகனே. கூடுதல் சம்பளம் தருகிறேன், இன்னொன்றைப் பிரி என்று எவனாவது தனியே கூப்பிட்டால் போகாதே. விடியற்காலை பஜ்ரு தொழுகையை விடாதே, குளிருக்குக் காதை மூடிக்கொள். வெள்ளிக்கிழமை போன் பண்ணும்போது எண்ணைப் பற்றி ஒரு வார்த்தை பேசாதே, சாப்பிட்டேன் என்று மட்டும் சொல்.

அல்லாஹ் உன்னைத் தன் காவலில் வைக்கட்டும். நீ பெரிய ஆளாக வரவேண்டும் என்று இத்தனை வருஷம் துஆ செய்தவள்தான் நான், இப்போது யாருக்கும் தேவைப்படாத பிள்ளையாக வீட்டுக்குத் திரும்பி வந்தால் போதும் என்று கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

உன் உம்மா
ஷரீபுன்னிசா