மவுஸ் றைவரும் மீன்குழம்பும்

லண்டன்
10.3.1989

அன்புள்ள தவமலருக்கு,

எனக்கு ஒரு குறையுமில்லை. உம்மையும் பிள்ளைகளையும் ஐயனார் பார்த்துக்கொள்வார். அம்மாவின் இடுப்பு நோ இப்போது எப்படி?

போன கிழமை கந்தோரில் ஒரு கூத்து. சம்பளக் கணக்குப் போடுகிற புரோகிராம், மெமரியில் இடமில்லை என்று சொல்லி ஓட மறுத்துவிட்டது. பார்த்தால், மவுசை இயக்கும் சின்னப் புரோகிராம், றைவர் என்பார்கள், கொம்பியூட்டரைப் போட்டவுடனேயே உள்ளே வந்து இடத்தைப் பிடித்திருக்கிறது. அதைக் கூப்பிடும் வரியை நான்தான் அழித்தேன். கணக்கு ஓடியது. ஆனால் மனேஜர் வந்த நேரம் கதிரையில் இருந்தவர் என்னோடு வேலைசெய்யும் காரைநகர்க் குணரத்தினம். பாராட்டுத் தட்டு அவருடைய முதுகில்தான் விழுந்தது. அவரும் சிரித்துக்கொண்டே அதை வாங்கிக்கொண்டார்.

அவருடைய மனைவி தை மாதம் இங்கே வந்துவிட்டார். ஒவ்வொரு நாளும் சோறும் மீன்குழம்பும் கட்டிக் கொடுக்கிறார்.

"ஐசே, இந்தாரும். மனுசி உமக்கும் சேர்த்துத்தான் தந்துவிட்டவ."

"வேண்டாம், நான் சாப்பிட்டிட்டன்."

சொல்லிவிட்டுப் படிக்கட்டில் இருந்து பாண் தின்றேன்.

யாரும் இங்கே வந்தால் அவர்களிடம் நீர் இடித்த மிளகாய்த்தூள் கொஞ்சம் கொடுத்துவிடும். உம்முடைய படம் ஒன்றும் வையும். குணரத்தினத்தின் மேசையில் மனைவியின் படம் ஒன்று இருக்கிறது.

இன்று எல்லோரும் போனபின், நான் அழித்த அந்த றைவர் வரியைத் திரும்ப எழுதிவைத்துவிட்டேன். திங்கட்கிழமை கணக்கு ஓடாது. குணரத்தினம் என்னிடம்தான் வரவேண்டும். சாப்பாட்டுப் பெட்டியோடு வந்தால், இந்த முறை வேண்டாம் என்று சொல்லமாட்டேன்.

தபால் எடுக்கிற நேரமாகிவிட்டது.

உமது,
அருளம்பலம்