கனகு கேட்ட சொக்கெட்

கோபக்காரனைக் கட்டிக்கொண்டு சிரித்தே காலம் தள்ளிய என் கனகு,

காரில் ஓட்டை போட்டுவிட்டேன். நீ கேட்ட அதே இடத்தில்தான். ஸ்டியரிங்குக்கு இடப்பக்கம், நீ உட்காரும்போது உன் முட்டிக்கு நேர் மேலே. சொக்கெட் வைத்து, வயர் இழுத்து, உன் காற்றாடியையும் சுற்ற விட்டாகிவிட்டது. நீ போய் இரண்டு தீபாவளி கழித்து! நன்றாகத் திட்டு, கேட்டுக்கொள்கிறேன்.

பழைய துரையம்மா சீமைக்குக் கப்பல் ஏறும்போது, துரையின் காரிலிருந்து கழற்றி, அவர்கள் வீட்டில் வேலை செய்த உன் கையில் கொடுத்துவிட்டுப் போன காற்றாடி. உள்ளங்கை அகல இறக்கை, கறுப்பு வயர், நுனியில் பிளக். அதைக் குத்த நம் டெக்சியில் ஒரு சொக்கெட் மட்டும் இருந்தால் போதும். உன் இழுப்புக்கு அது எவ்வளவோ சுகமாக இருந்திருக்கும். எத்தனை தடவை கேட்டாய்! நான் சொன்ன பதிலை எழுதக் கூச்சமாக இருக்கிறது, படிக்கிறவர்கள் காறித் துப்புவார்கள். துப்பட்டும்.

"காடியில ஓட்டை போட்டா அழகு போயிடும்டி. அதோட ரோட்டுல போலீஸ்காரன் மறிச்சு வயரைப் பார்த்தான்னா, வெடிகுண்டுன்னு என்னைப் பிடிச்சிட்டுப் போவான்."

நீ கோபப்படவில்லை. "காடிக்கு ஓட்டை போட்டா ஒங்களுக்குல்ல வலிக்குது! எனக்குக் காது குத்துனப்ப எங்கப்பாகூட இப்படித் துடிக்கல" என்று சிரித்தாய். பிறகு காற்றாடியைத் துடைத்து அலமாரியில் வைத்தாய். மாதத்துக்கு ஒரு தடவை எடுத்துத் துடைப்பாய். நான் பார்த்தும் பார்க்காத மாதிரி வெற்றிலை போட்டுக்கொண்டிருப்பேன்.

பயம் பொய்யில்லை, கனகு. மலாயா முழுக்க எமர்ஜென்சிக் காலம். ரப்பர் பால்வெட்டப் போகிறவர்களின் தூக்குச்சட்டியைக் கேட்டில் திறந்து பார்க்கிறார்கள். காட்டுக்குள் ஒளிந்திருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு ஒரு பிடி அரிசி, ஒரு டார்ச் பேட்டரி போய்விடக் கூடாதாம். தினம் ஓர் உத்தரவு. எது சர்க்கார் உத்தரவு, எது மேனேஜர் உத்தரவு, எது காப்பிக்கடை உத்தரவு என்று யாருக்குப் பிரித்துப் பார்க்கத் தெரிந்தது? பக்கத்துத் தோட்டத்து லோரிக்காரன் ஓடுகிற வண்டியிலிருந்து எதையோ வெளியே எறிந்தான் என்று பிடித்துப் போனார்கள். மறுநாள், தோட்டத்தில் ஆட்களை மேய்க்கிற நம் மண்டோர் வந்து, "ரப்பர் காட்டுக்குள்ள போற காடியெல்லாம் கண்ணாடிய ஏத்திக்கிட்டுத்தான் போகணுமாம்லா. எறக்கினா உள்ளதான்" என்றார்.

அன்றைக்கு ஏற்றிய கண்ணாடிதான். நம் தோட்டத்துக் கேட்டிலிருந்து புக்கிட் ரோத்தான் முச்சந்தி வரைக்கும் யார் ஏறினாலும் நான் இறக்க விட்டதில்லை. உள்ளே இட்லிச் சட்டி மாதிரி வேகும். நீ முந்தானையால் விசிறிக்கொண்டே வருவாய். காற்றாடியை மாட்டச் சொல்லி நீ கேட்க ஆரம்பித்ததே அதற்குப் பிறகுதான்.

அந்தக் கடைசிப் பயணம். குவாலா சிலாங்கூர் ஆஸ்பத்திரிக்கு உன்னைக் கொண்டுபோன நாள். உன் நெஞ்சு இழுக்கிற சத்தம் இன்ஜின் சத்தத்தையும் தாண்டிக் கேட்டது. "என்னங்க, ஒரு வெரக்கட எறக்குங்க" என்றாய். "பொறுடி, காடு தாண்டட்டும்" என்றேன். மறுபடியும் கேட்டாய். மறுபடியும் அதையேதான் சொன்னேன். அதற்குப் பிறகு நீ கேட்கவில்லை. கண்ணாடியில் கையை மட்டும் வைத்துக்கொண்டாய்.

"மழைக்காலத்து நெஞ்சுச் சளி, முத்திப்போச்சு. அந்தக் காத்து கெடைச்சிருந்தாலும் பொழைச்சிருக்க மாட்டாங்க" என்றார் நம் தோட்டத்தில் மருந்து கொடுக்கிற டிரெசர். நல்ல மனிதர். ஆனால் நான் படுகிற பாடு உயிர் போனதற்காக மட்டுமில்லை. ஒரு விரற்கடைக் காற்றுக்கு உன்னைக் கெஞ்ச வைத்தேனே, அதை எந்த டிரெசரிடம் போய்ச் சொல்வது?

இப்போது வீட்டுச் செய்தி. மீனா வந்திருக்கிறாள். ஏழாம் மாதம் வளையல் அடுக்கி, தலைப்பிரசவத்துக்குத் தாய்வீடு வந்தாள், தாய் இல்லாத தாய்வீட்டுக்கு. உன் சிரிப்பு அவளுக்கு வரவில்லை, உன் இழுப்பு வந்திருக்கிறது. வந்த இரண்டாம் நாள் அலமாரியைத் திறந்தவள், உன் பச்சை வாயில் சேலைக்குள் சுற்றியிருந்த காற்றாடியை எடுத்து என் சாப்பாட்டுத் தட்டுக்குப் பக்கத்தில் வைத்தாள்.

"இதை யாருக்குப்பா வச்சிருக்கீங்க?"

"உனக்குத்தான்மா. காடியில மாட்டிடலாம்னு..."

"அம்மாவுக்குப் போடாதத எனக்கும் போடாதீங்க. ஆஸ்பத்திரிக்கு நான் பஸ்ல போய்க்கிறேன்."

அந்த வாய் என் வாய்தான், வேறு எங்கிருந்து வரும்? பாதிச் சோற்றை மிச்சம் வைத்தேன். கை கழுவிவிட்டு எழுந்தேன்.

மறுநாள் டிரில்லை எடுத்தேன். டேஷ்போர்டில் ஓட்டை விழ வெற்றிலை மெல்லுகிற நேரம்கூட ஆகவில்லை. சாவியைத் திருப்பினால் மட்டும் கரண்டு வருகிற முனையில் ஒரு பியூஸ் வைத்து, அங்கிருந்து வயரை உள்ளே இழுத்தேன். மாட்டிப் பார்த்தால் காற்றாடி அசையவில்லை. பெயிண்டுக்கு மேலேயே எர்த் வயரை முடுக்கியிருக்கிறேன்! பெயிண்டைச் சுரண்டி, இரும்பு தெரிந்தால்தானே கரண்டு திரும்பும்? ஒரு கீறல் விழுந்தால் ஊரைக் கூட்டுகிற நான், என் கையாலேயே சுரண்டினேன். காற்றாடி 'விர்'ரென்று சுற்றியது. சுற்றினால் சந்தோஷம் வரும் என்று நினைத்திருந்தேன். வரவில்லை.

ஆஸ்பத்திரி நாளன்று பஸ்ஸுக்கு நின்றவள் பக்கத்தில் காரைக் கொண்டுபோய் நிறுத்தினேன். ஓடுகிற காற்றாடியைப் பார்த்தாள். ஏறி, உன் இடத்தில் உட்கார்ந்தாள். நான் வழக்கம்போல எல்லாக் கண்ணாடியையும் ஏற்றினேன்.

முச்சந்தியில் போலீஸ் மறித்தது. உன்னிடம் முறுக்கு வாங்கித் தின்பானே, அந்த மலாய்க்கார கான்ஸ்டபிள்தான். நம்முடைய கடைசிப் பயணத்தன்று உன்னைப் பார்த்ததும் சோதனை போடாமல் கை காட்டி விட்டானே, அவனேதான். இப்போது தொப்பை வைத்திருக்கிறான். என் பக்கத்துக் கண்ணாடியை இறக்கினேன். இன்ஜினை அணைக்கச் சொல்லிக் குனிந்தவன் கண்ணில் வயர் பட்டது. "கிப்பாஸ், கிப்பாஸ்" என்று விசிறியைக் காட்டிப் பதறினேன். போடு, பார்க்கலாம் என்றான். போட்டேன். தொப்பியைக் கழற்றிவிட்டு முகத்தைக் காற்றாடிக்கு நேரே நீட்டி, "செடாப்!" என்றான். சுகமாம். அவ்வளவுதான், கனகு. இத்தனை வருஷம் நான் பயந்த பயம் அவ்வளவுதான்.

பிறகு அவன் மலாயில் கேட்டான்: "இதை ஏன் முன்னாடியே மாட்டல, பாக்சிக்? அந்த மக்சிக்குக்கு மூச்சு முட்டுமே." பாக்சிக் என்றது என்னை, மக்சிக் என்றது உன்னை. கண்ணாடி ஏற்றுகிற உத்தரவைப் பற்றி ஏதோ உளறினேன்.

"எந்த உத்தரவு?"

சொன்னேன். கூட நின்றவனைத் திரும்பிப் பார்த்தான். இரண்டு பேரும் உதட்டைப் பிதுக்கினார்கள். "அப்படி ஒன்னு கிடையவே கிடையாதே. இந்தப் பாக்சிக்குக்குக் காத்து ஒத்துக்காது போலன்னுல்ல நாங்க பேசிக்குவோம்!"

எனக்குச் சாவியைத் திருப்பக் கை எழவில்லை. மீனா தன் பக்கத்துக் கைப்பிடியைப் பிடித்து, கண்ணாடியை முழுசாக இறக்கினாள். "அம்மாவுக்குத் தெரிஞ்சா விழுந்து விழுந்து சிரிப்பாங்கப்பா" என்றாள். அந்தக் குரலில் கோபம் இல்லை. பின்னால் லோரிக்காரன் ஹார்ன் அடிக்க அடிக்க, நான் ஸ்டியரிங்கில் தலையை வைத்து அழுதேன்.

சிரிப்பாயா, கனகு? நீ சிரித்துவிடுவாய் என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

அன்று சாயங்காலமே மண்டோரிடம் சண்டைக்குப் போனேன். "எவனோ சொன்னான், நானும் சொன்னேன். தெனம் அந்த வழியா போறவன், ஒரு நாளாச்சும் நீ போலீசுல கேட்டிருக்கலாம்ல?" என்றார். சட்டையைப் பிடிக்கப் போன கையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தேன். தினமும் இரண்டு நடை போனேன். இந்த வாயால் ஒரு வார்த்தை கேட்டேனா?

டெக்சி ஸ்டாண்டில் இன்னும் இரண்டு மூன்று பேர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டுதான் ஓட்டுகிறார்கள். அவர்கள் வண்டியிலும் யாராவது மூச்சு முட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். அதனால்தான் நமக்குள் பேச வேண்டியதை ஊரறிய எழுதுகிறேன். சிரிக்கிறவன் சிரிக்கட்டும், கண்ணாடியை இறக்கிவிட்டுச் சிரிக்கட்டும்.

உன் பேரனோ பேத்தியோ, ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வரும்போது நாலு கண்ணாடியும் இறங்கியிருக்கும். முதலில் இறக்குவது உன் பக்கத்துக் கண்ணாடி. என் காரில் ஏறி மூச்சுக்குக் காற்று கேட்கிற யாரிடமும், காடு தாண்டட்டும் என்று இனி நான் சொல்ல மாட்டேன்.

காடிக்கு வலிக்குமென்று உனக்கு வலிக்க விட்ட,
உன் வீட்டுக்காரன்,
மீனாவின் அப்பா