ஆறாம் நம்பர் வாசலில் கிடந்த செருப்பு

ஜூஜுவாடி, ஓசூர்

அன்பு மகன் ஆனந்தராஜுக்கு, அம்மா நாராயணம்மா சொல்லத் தங்கை காவியா எழுதுவது. பனிமலைக் காவலில் உன் உடம்புக்கு ஒரு குறையும் வரக்கூடாது, இங்கே நாங்கள் இருவரும் சுகம். இவ்வளவுதான் அம்மா சொன்னாள். அதற்குள் கம்பெனி பஸ் வந்துவிட்டது. நேத்து நடந்தத ஒளிக்காம எழுதிரு புள்ள என்று சொல்லிவிட்டு கேன்டீன் வேலைக்கு ஓடினாள்.

அண்ணா, நான் முதலில் பார்த்தது செருப்பைத்தான். நேற்று பதினொரு மணி இருக்கும், வாசலில் உட்கார்ந்து ரப்பர் வாஷருக்குப் பிசிறு வெட்டிக்கொண்டிருந்தேன். ஆறாம் நம்பர் ரூம் வெளியே பூட்டியிருந்தது, ஆனால் ஊக்கு குத்திய நீலச் செருப்பு வாசலிலேயே கிடந்தது. நான் யார் முகத்தையும் நிமிர்ந்து பார்ப்பதில்லை என்று உனக்குத் தெரியும், அதனால் இந்த லைன் வீட்டு வரிசையில் எல்லாரையும் எனக்குச் செருப்பை வைத்துத்தான் தெரியும். அது நைட் ஷிப்ட் அக்காவின் செருப்பு, அவளுக்கு வேறு ஜோடி கிடையாது. அந்த ரூமில் இரண்டு பேர், பகலில் ஒருத்தி, இரவில் ஒருத்தி, ஒரே பாய், ஒரே பூட்டு. போகிறவள் பூட்டிவிட்டுச் சாவியை மீட்டர் பெட்டிக்குப் பின்னால் ஆணியில் மாட்டிவிடுவாள். சாவி ஆணியில்தான் இருந்தது. கதவைத் தட்டினேன், சத்தமே இல்லை. மேலே சிமெண்ட் ஷீட், வெயில் ஏறிக்கொண்டிருந்தது.

போன மாதம் ஒரு போன் காணாமல் போனபோது, பகலெல்லாம் இங்கே இருப்பவள் நான்தான் என்று முதலில் நம் ரூமைத்தான் கிளறினார்கள். அன்றைக்கே அம்மா, யார் பூட்டுலயும் கை வெச்சிராத என்று என் தலையில் சத்தியம் வாங்கினாள். ஏழாம் நம்பர் செல்லி அக்காவைக் கூப்பிட்டேன். நமக்கேன் கண்ணு வம்பு, நாளைக்கு ஒரு பொருள் காணோம்னா உன்னத்தான கேப்பாங்க என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விட்டாள். ஆனாலும் சாவியை எடுத்துத் திறந்தேன்.

அவள் போர்வைக்குள் சுருண்டு கிடந்தாள், உடம்பு கொதித்தது, கூப்பிட்டால் கண் திறக்கவில்லை. நான் கத்தின கத்தலில் செல்லி அக்காவே ஓடி வந்து 108க்குப் போன் செய்தாள். ஆஸ்பத்திரியில் பேர் என்ன என்று கேட்டார்கள். எங்கள் இருவருக்கும் தெரியவில்லை. ஆறாம் நம்பர் என்றேன், நர்ஸ் என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அப்புறம் வேலையிலிருந்து ஓடி வந்த பொற்கொடி, அவளோடு ரூமில் இருப்பவள், சொன்னாள், சத்யப்ரியா என்று. காய்ச்சலோடு ஷிப்ட் பாதியிலேயே திரும்பி வந்து படுத்திருக்கிறாள் போல. அப்போது பொற்கொடி கதவைச் சாத்திவிட்டு வெளியே பொதுக் குளியலறையில் இருந்திருக்கிறாள். கரண்ட் இல்லாத விடிகாலை, நான் சுருட்டாம விட்ட போர்வதான்னு நெனச்சுப் பூட்டிட்டேன் என்று தலையில் அடித்துக்கொண்டு அழுதாள். இன்று காலை சத்யப்ரியா கண் திறந்து தண்ணீர் கேட்டாளாம்.

ஓசூர் பெரிய சிட்டி ஆகிவிட்டதா என்று போன கடிதத்தில் கேட்டாயே. ஆகிவிட்டது அண்ணா. பன்னிரண்டு ரூம், முப்பது பேர், கன்னடம் தெலுங்கு இந்தி எல்லாம் கேட்கிறது, பேர் மட்டும் யாருக்கும் தெரியாது.

சத்தியத்தை மீறியதற்கு அம்மா திட்டவில்லை, என் தலையைத் தடவிவிட்டாள். உனக்கும் அவள் ஆசீர்வாதம். கால்விரலில் ஈரம் நிற்க விடாதே, சாக்ஸை உலர்த்திப் போடு என்று பஸ் ஏறும்போது மறக்காமல் எழுதச் சொன்னாள். அம்மாவை பஸ் ஏற்றிவிட்டு, ஒரு நோட்டை எடுத்துக்கொண்டு போய் ஒன்றாம் நம்பர் கதவைத் தட்டினேன். அக்கா, உங்க பேர் என்னங்க என்று கேட்டேன்.

அம்மாவுக்காக,
தங்கை காவியா