அடுப்படிக்கு ஒரு டியூப்லைட்

நம் அடுப்படி டியூப்லைட்டின் சோக்கு முந்தாநாள் எரிந்துபோய்விட்டது. அந்தக் கருகல் நாற்றம் இன்னும் போகவில்லை. எலக்ட்ரீஷியன் வர இரண்டு நாள் ஆகும் என்றதால், பரணில் கிடந்த பழைய அறுபது வாட் குண்டு பல்பைத் துடைத்து மாட்டினேன். அந்த மஞ்சள் வெளிச்சம் விழுந்ததும் வெறுப்பு வந்தது. பல்பைப் பார்த்து அல்ல, என்னை நினைத்து.

கல்யாணமாகித் தல்லாகுளத்துக்குக் குடிவந்த நாளிலிருந்து நீ வாய்விட்டுக் கேட்டது ஒன்றே ஒன்று. "ஏங்க, அடுப்படிக்கு ஒரு டியூப்லைட் போட்டுத் தாங்களேன். சன்னலும் இல்ல. அரிசியில கல்லு எதுன்னே தெரிய மாட்டேங்குது."

"அம்புட்டு வெளிச்சம் வந்தா எம்புட்டு கரண்ட் இழுக்கும்னு யோசிச்சியா?" என்பேன்.

சிம்மக்கல் கடைக்காரர் தலையில் அடித்துக்கொள்ளாத குறையாகச் சொன்னார். "அண்ணே, இது நாப்பது வாட்டு. சோக்கு இழுக்கிறதைச் சேர்த்தாலும் உங்க குண்டு பல்பைவிடக் கம்மிதான்." சரக்கை விற்கப் பொய் சொல்கிறார் என்று நினைத்தேன். ஆபீஸில் உட்கார்ந்து எழுதுகிறவன் என்ற திமிர். ஆனாலும் ஒன்று வாங்கினேன். எங்கே மாட்டினேன்? தெருவில் போகிறவர்கள் பார்க்கும்படி முன்னறையில். அங்கே கரண்ட் இழுத்தால் பரவாயில்லையாம்! நீ அதற்குச் சந்தனம், குங்குமம் வைத்துவிட்டு, மண்ணெண்ணெய்ப் புகை படிந்த உன் பல்புக்கே திரும்பிப் போனாய்.

பிறகு அந்த ஞாயிற்றுக்கிழமை. என் அண்ணன் சாப்பிட வந்திருந்தார். அவருக்கு ஊற்றிய ரசத்தில் கரப்பான் கால் மிதந்தது. "கண்ணு இருந்தும் குருடியாடி நீ?" என்று அவர் முன்னாலேயே கத்தினேன். நீ குனிந்து இலையை மாற்றினாய்.

மறுநாளே அடுப்படிக்கு டியூப்லைட் வந்தது. உனக்காக இல்லை, அண்ணன் முன்னால் போன என் மானத்துக்காக. ஸ்விட்சைப் போட்டதும் இரண்டு முறை மினுக்கிவிட்டு எரிந்தது. மேலே நூல்நூலாய் ஒட்டடை. சுவரெல்லாம் பிசுபிசுத்த எண்ணெய்க் கறுப்பு. அலமாரி விளிம்பு நெடுக பல்லி எச்சம். மாவு டின்னுக்குப் பின்னாலிருந்து கரப்பான்கள் கூட்டமாக ஓடின. நீ முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாய்.

"இம்புட்டு அசிங்கத்துலயா உங்களுக்கும் பிள்ளைகளுக்கும் சோறாக்கிப் போட்டேன்?"

"இப்பவாச்சும் தெரியுதா?" என்றேன் நான்.

சீ, அதுவும் ஒரு வாயா! மூன்று நாள் ஸ்டூலில் ஏறிச் சோடா உப்புப் போட்டுத் தேய்த்தாய். அந்த மூன்று நாளும் உனக்குச் சோறு இறங்கவில்லை. நான் முன்னறையில், டியூப்லைட்டுக்கு அடியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தேன்.

நீ போய்ச் சேர்ந்த பிறகு நானே சமைக்கிறேன். நேற்று அந்தக் குண்டு பல்பின் கீழ் ரசம் வைத்தேன். அடுப்படியிலேயே உட்கார்ந்து சாப்பிட்டபோது நாக்கில் ஏதோ தட்டுப்பட்டது. துப்பி, முன்னறை வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தேன். கரப்பான் கால். இத்தனைக்கும் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் சமைத்தேன். என்னைக் குருடன் என்று திட்ட அங்கே யாரும் இல்லை.

இன்று எலக்ட்ரீஷியன் வந்தான். அண்ணாந்து பார்த்துவிட்டு, "அடுப்படிதானே சார், குண்டு பல்பே போதும்ல?" என்றான். என் பழைய பேச்சை இன்னொருவன் வாயில் கேட்கவே அருவருப்பாக இருந்தது.

"போதாதுப்பா. டியூப்லைட்டே போடு. அடுப்புக்கு நேர் மேல போடு."

இப்போது எரிகிறது. ஸ்விட்சைப் போட்டதும், "இம்புட்டு அசிங்கத்துலயா" என்று நீ அன்று கேட்டது காதில் விழுந்தது. அன்றே சொல்லியிருக்க வேண்டிய பதிலை இப்போது சொல்கிறேன். அந்த அசிங்கம் உன்னுடையது இல்லை, என்னுடையது. அதைத்தான் நீ மூன்று நாள் பட்டினி கிடந்து தேய்த்தாய்.