இரண்டு சென்டிமீட்டர் நிழல்

நம் லேப் அலமாரியைத் திறந்தால் இப்போதும் முதலில் வருவது ஸ்ட்ராபெரி வாசனைதான். அமிலமும் ஸ்பிரிட்டும் இருக்கிற அறையில் இது எங்கிருந்து வருகிறது என்று புதிதாகச் சேர்ந்த ஆசிரியர்கள் மூக்கைச் சுருக்குவார்கள். மேல்தட்டில் இருக்கும் உன் பிஸ்கட் டப்பாவை எடுத்துக் காட்டுவேன். உள்ளே அத்தனையும் ரப்பர். பழ வடிவத்தில், பொம்மை வடிவத்தில், பாதி தேய்ந்து, பல் பட்டு, எல்லாம் பிள்ளைகளிடமிருந்து நீ பிடுங்கிப் போட்டவை. "லேப்புக்குள்ள ரப்பர் வரக் கூடாது. வெளிய போறப்ப வாங்கிக்க" என்பாய். கணக்கு டீச்சருக்கு அறிவியல் லேப்பில் என்ன அதிகாரம் என்று நான்கூடக் கேட்டதில்லை. நேற்று அந்த டப்பாவில் இன்னும் மூன்று ரப்பர் சேர்ந்தது. நேற்று நடந்ததை உன்னிடம் சொல்லாமல் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

ஆனால் அதற்கு முன்னால் அந்த முதல் வருடத்தைப் பற்றி எழுத வேண்டும். நீ இருந்தவரை அதை நாம் சிரித்துப் பேசியே கடந்துவிட்டோம். நான் உன்னிடம் ஒழுங்காக மன்னிப்புக் கேட்டதில்லை.

உன் அப்பா பிரெஞ்சுப் படையில் சிப்பாயாக இருந்த சொல்தா. உன் வீட்டில் பாதிப் பேர் பிரான்சில். தங்கை கல்யாணமாகி, பிரான்சுக்குச் சொந்தமான ரெயூனியன் தீவுக்குப் போய் அங்கே ஒரு பள்ளியில் அறிவியல் சொல்லிக்கொடுத்தாள். நீ மட்டும் ரெட்டியார்பாளையத்தை விட்டு நகரவில்லை. கேட்டால், "எல்லாரும் போயிட்டா இங்க யாருப்பா கணக்கு போடறது" என்பாய். ஒரு நாள் மதியம் தங்கையோடு போனில் பேசிவிட்டு, சாப்பாட்டு டப்பாவைக்கூடத் திறக்காமல் என்னிடம் வந்தாய்.

"அவ ஸ்கூல் புள்ளைங்களும் நம்ம புள்ளைங்களும் சேந்து பூமிய அளக்கலாம்பா."

"எத வச்சி?"

"ஒரு குச்சிய வச்சி."

ஆகஸ்டில் ஒரு நாள், நடுப்பகலில் சூரியன் நம் ஊருக்கு நேர் உச்சியில் வரும். நேராக நிற்கிற எதற்கும் அப்போது நிழல் இருக்காது. அதே நாளில் தெற்கே இருக்கும் அந்தத் தீவில் நிழல் நீளமாக விழும். அந்த நிழலின் கோணமும் இரண்டு ஊருக்கும் நடுவில் இருக்கிற வடக்கு தெற்குத் தூரமும் தெரிந்தால் பூமியின் சுற்றளவு வந்துவிடும். நானே பாடம் நடத்தியிருக்கிறேன். பிள்ளைகளை வெயிலில் நிறுத்திச் செய்யலாம் என்று எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை.

பெரிய மார்க்கெட்டில் மூங்கில் குச்சி வாங்கி, ஒரு மீட்டருக்கு அறுத்து, ஆட்டோவுக்கு வெளியே நீட்டிக்கொண்டு நீ பள்ளிக்கு வந்து இறங்கியது இன்னும் கண்ணில் இருக்கிறது. காலி பெயின்ட் வாளியில் மணலை நிரப்பி அதில் அதை நட்டோம். ஒன்பதாம் வகுப்பில் முப்பத்தொரு பெண்கள். இங்கிலீஷ் நன்றாகப் பேசுகிற ஐந்து பேரை மட்டும் வீடியோவில் தீவுப் பிள்ளைகள் முன்னால் உட்கார வைக்கலாம் என்றேன். நீ காதிலேயே வாங்கவில்லை.

அன்று பன்னிரண்டேகாலுக்கு முற்றத்தில் எல்லோரும் குச்சியைச் சுற்றி நின்றார்கள். நிழல் சுருங்கிக்கொண்டே வந்தது. சுருங்கிச் சுருங்கி ஓரிடத்தில் நின்றுவிட்டது. அதற்கு மேல் குறையவில்லை. ஸ்கேல் வைத்து அளந்தவள் ஷர்மிளா, கொத்தனார் மகள். ரெக்கார்டு நோட்டில் '2 செ.மீ.' என்று எழுதினாள்.

நான் அவள் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து, "இன்னைக்கு நிழலே இருக்காதும்மா. ஜீரோ போடு" என்றேன். அவளும் ரப்பரால் அழித்துவிட்டு ஜீரோ போட்டாள். தவறு செய்கிறேன் என்கிற எண்ணமே எனக்கு இல்லை. நாம் படித்ததும் அப்படித்தானே? பிராக்டிகல் பரீட்சையில் வர வேண்டிய விடையை முதலில் எழுதிவிட்டு, அதற்கு ஏற்ற அளவுகளைப் பின்னாலிருந்து நிரப்பித்தான் நான் முழு மதிப்பெண் வாங்கினேன். என் பிள்ளைகளுக்கும் அதையே கை மாற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நீ நோட்டை வாங்கிப் பார்த்தாய். காகிதத்தில் ரப்பர் துகள் ஒட்டியிருந்தது. என்னை வராண்டாவின் கடைசிக்கு அழைத்துக்கொண்டு போனாய்.

ரெயூனியன் கடிகாரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். அவர்களுக்கு நடுப்பகல் ஆகும்போது இங்கே ஏறக்குறைய இரண்டு மணி. அதுவரை சாப்பாட்டு நேரம் முழுக்க நாம் இருவரும் சண்டை போட்டோம்.

"உனக்கென்னப்பா, அந்தப் பக்கம் உன் தங்கச்சி" என்றேன். "கவர்மென்ட் ஸ்கூல் புள்ளைங்களுக்கு ஒரு குச்சியக்கூட நேரா நடத் தெரியலன்னு அவங்க சிரிப்பாங்க. மொத நாளே நம்ம மானம் போவணுமா?"

"சிரிச்சா சிரிக்கட்டும். குச்சி நேரா இல்லன்னா ஏன் இல்லன்னு பாப்போம்."

"ரெண்டு சென்டிமீட்டருக்கா இவ்ளோ பேச்சு?"

அப்போதுதான் அந்த வாக்கியத்தைச் சொன்னாய், குரலை உயர்த்தாமல். "தப்பா அளந்தா தப்பா அளந்தோம்னு சொல்லிக்கலாம்பா. அளக்காதத அளந்தோம்னு சொல்லக் கூடாது."

எனக்குக் கோபம் கோபமாக வந்தது. நீ சொன்னது சரி என்று தெரிந்ததால் இன்னும் அதிகமாக வந்தது.

இரண்டு மணிக்கு உன் போனிலிருந்து இணைப்பு கொடுத்ததும், புரொஜெக்டரில் லேப் சுவரில் படம் விழுந்தது. அந்தப் பக்கமும் ஒரு வகுப்பறை, நம் பிள்ளைகள் வயதே இருக்கும் முகங்கள், நடுவில் உன் தங்கை. அவர்களுடைய நிழல் அறுபத்தைந்து சென்டிமீட்டர். கச்சிதமான எண். வரைபடத்தை வைத்து நான் முன்கூட்டியே போட்டுப் பார்த்ததும் அதேதான். "உங்களுக்கு எவ்ளோ வந்துச்சி?" என்று உன் தங்கை தமிழில் கேட்டாள்.

ஷர்மிளா எழுந்து நின்றாள். நோட்டைப் பார்க்காமல் என்னைப் பார்த்தாள். நான் எது சொன்னாலும் அதைச் சொல்லத் தயாராக இருந்தாள். பதினான்கு வயதுப் பெண்ணை இந்த இடத்தில் கொண்டுவந்து நிறுத்தியது நான்தான் என்று எனக்கு அந்த நிமிடத்தில் வெட்கமாக இருந்தது. நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய், நான் உன் முகத்தைப் பார்த்து முடிவு செய்யக் கூடாது என்று.

"நீ பாத்தத சொல்லும்மா" என்றேன்.

"டூ சென்டிமீட்டர்ஸ்" என்றாள்.

அங்கே யாரும் சிரிக்கவில்லை. முன்வரிசையில் இருந்த ஒரு பெண் யோசித்து யோசித்து இங்கிலீஷில், ஏன் இரண்டு என்று கேட்டாள். தெரியவில்லை, கண்டுபிடித்துச் சொல்கிறோம் என்றாய். இத்தனை வருடப் பணியில், மேலிருந்து யார் எதைக் கேட்டாலும் தெரியாது என்று நான் சொன்னதில்லை. நீ அதைச் சாதாரணமாகச் சொன்னாய்.

படம் மறைந்ததும் ஷர்மிளா மெதுவாக வாயைத் திறந்தாள். "மிஸ், நாங்க கொடிக்கம்பத்தப் பாத்துத்தான் குச்சிய நேரா வச்சோம்."

மறுநாள் அவள் அப்பாவின் தூக்குக்குண்டைப் பையில் போட்டு எடுத்து வந்தாள். கொடிக்கம்பத்தில் ஆள் உயரத்தில் நூலின் நுனியை அழுத்திப் பிடித்தாள். கீழே குண்டு கம்பத்தைத் தொடவில்லை, இரண்டு விரல் தள்ளித் தொங்கியது. எந்தப் புயலில் சாய்ந்ததோ, வருடக்கணக்காகத் தினமும் அதன் முன்னால் நின்றவர்கள் ஒருவர் கண்ணிலும் படவில்லை. தலைமையாசிரியை கம்பத்தை ஒரு சுற்று சுற்றி வந்து, "நான் நல்லாத்தான் இருக்குன்னு நெனச்சேன்" என்றார். அந்த வாரமே ஷர்மிளாவின் அப்பா வந்து அடியைத் தோண்டி நிமிர்த்திக் கொடுத்தார். நம் பள்ளிக் கொடிக்கம்பத்தை நிமிர்த்தியது ஒன்பதாம் வகுப்பு என்று நீ பார்த்தவர்களிடம் எல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தாய்.

நூலும் குண்டுமாகக் கொடிக்கம்பத்தைப் படம் எடுத்து அனுப்பினோம். இரண்டு நாள் பதில் இல்லை. பிறகு உன் தங்கை அழைத்தாள்.

"அக்கா, எங்க பசங்க ஒண்ணு சொல்லணுமாம். அன்னைக்கு இங்க மேகம். நெழலே சரியா விழல. அறுபத்தஞ்சுன்னு வரணும்னு தெரிஞ்சி எழுதிட்டாங்க. உங்க கம்பத்து ஃபோட்டோவப் பாத்துட்டு அவங்களே வந்து சொன்னாங்க."

நீ போனை என்னிடம் நீட்டி, "கேளு, நீயே கேளு" என்றாய். உன் முகத்தில் இருந்த சிரிப்பைப் பார்த்து எனக்குக் கன்னத்தில் ஒன்று வைக்கலாம் போல இருந்தது.

அடுத்த வாரம் இரண்டு வகுப்பும் திரும்ப அளந்தன. அதற்குள் நம் ஊரிலும் நிழல் விழ ஆரம்பித்துவிட்டது. வடக்குப் பக்கம் நமக்கு, தெற்குப் பக்கம் அவர்களுக்கு. இரண்டு கோணத்தையும் கூட்டி, நீ கரும்பலகையில் போட, உன் தங்கை அங்கே போட, கடைசியில் வந்த சுற்றளவு புத்தகத்தில் இருப்பதிலிருந்து கொஞ்சம் தள்ளித்தான் இருந்தது. பிள்ளைகள் கை தட்டினார்கள். புத்தகத்தில் இருப்பது யாரோ அளந்தது, இது நாங்கள் அளந்தது என்று ஷர்மிளா வீட்டில் போய்ச் சொன்னாளாம்.

அதற்குப் பிறகுதான் நீ ரப்பர் பிடுங்க ஆரம்பித்தாய்; பிடுங்கும்போதெல்லாம் பிள்ளைகளிடம் அந்த வாக்கியத்தையும் சொன்னாய். ஒவ்வொரு ஆகஸ்டும் அந்தத் தீவோடு நாம் பேசினோம். கடைசி ஆகஸ்டில் நீ ஆஸ்பத்திரிக் கட்டிலில் இருந்தாய். மாலையில் நான் வந்ததும், உடம்பைப் பற்றிப் பேச விடாமல், "எவ்ளோ வந்துச்சி?" என்றாய். ஐந்து மில்லிமீட்டர் என்றேன். "யாரும் ரப்பர் எடுக்கலியே?" என்று கேட்டுவிட்டுக் கண்ணை மூடிக்கொண்டாய். அந்த மாதத்துக்குள் போய்விட்டாய்.

நேற்று நீ இல்லாத மூன்றாவது ஆகஸ்ட். நாங்கள் அளப்பதைப் பார்க்கக் கல்வித் துறையிலிருந்து ஒரு அதிகாரி வந்திருந்தார், நல்ல மனிதர்தான். குச்சி அதே குச்சி. தூக்குக்குண்டு வைத்து நேராக்கினோம். இந்த வருடம் அளந்தவள் பெயர் பவித்ரா. நாலு மில்லிமீட்டர் என்றாள்.

லேப்புக்குத் திரும்பியதும் அதிகாரி நோட்டைப் பார்த்துச் சிரித்தார். "நாலு மில்லிமீட்டர்லாம் ஒரு கணக்காம்மா? ஜீரோ போட்டுடு. ஃபாரின்காரங்க பாக்கறாங்க இல்ல?"

நான் வாயைத் திறப்பதற்குள் அவள் பேசிவிட்டாள். கையைக் கட்டிக்கொண்டு, மரியாதையாக, குரலை உயர்த்தாமல். "இல்ல சார். தப்பா அளந்தா தப்பா அளந்தோம்னு சொல்லிக்கலாம். அளக்காதத அளந்தோம்னு சொல்லக் கூடாது. எங்க லேப் ரூல் சார்."

எனக்கு அது உன் குரலிலேயே கேட்டது. அவள் இந்த வருடம்தான் நம் பள்ளியில் சேர்ந்தாள். நீ யார் என்று அவளுக்குத் தெரியாது. மூத்த பிள்ளைகள் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். பக்கத்தில் இருந்த மேசையில் அதே சமயம் மூன்று பேர் தங்கள் பென்சில் டப்பாவைத் திறந்து, ரப்பரை எடுத்து, கேட்காமலே என் கையில் கொடுத்தார்கள்.

இரண்டு மணிக்கு உன் தங்கையிடம் இதைச் சொன்னேன். அவள் கேமராவை அணைத்துவிட்டாள். டீச்சருக்கு என்ன ஆயிற்று என்று தெரியாமல் அவள் பிள்ளைகள் அந்தப் பக்கம் காத்திருந்தார்கள். நம் பிள்ளைகள் இந்தப் பக்கம் காத்திருந்தார்கள். கொஞ்ச நேரத்தில் திரும்பி வந்து, மூக்கை உறிஞ்சிக்கொண்டே, "சொல்லுங்க, எவ்ளோ வந்துச்சி?" என்றாள்.

ஷர்மிளாவின் அந்தப் பழைய நோட்டுத் தாள் என் கைப்பையில் இருக்கிறது. முதலில் எழுதிய இரண்டு, அதை அழித்த தடம், மேலே நான் போடச் சொன்ன ஜீரோ, அதை அடித்துவிட்டுப் பேனாவால் அவள் திரும்ப எழுதிய இரண்டு. அந்த ஜீரோ என்னுடையது. அதை நான் அழிக்க மாட்டேன்.