சார் இன்னா சொன்னாரு?

நவம்பர் 7, வெள்ளி
காலையிலிருந்து தூறல். துணி எதுவும் காயலை. 

நாளைக்கு திருவொற்றியூர் சமுதாயக் கூடத்தில் பல்கலைக்கழகப் பொது உரை. தலைப்பு 'நகரமும் குடிமக்களின் பங்கும்'. பேசுபவர் இங்கிலீஷில் பேசுவார். பக்கத்தில் நின்று தமிழில் சொல்ல நான். காலேஜில் இங்கிலீஷ் எடுக்கிற தற்காலிக ஆசிரியைக்கு இதெல்லாம் இலவச இணைப்பு.

வாங்க: சால்வை, தண்ணீர் பாட்டில், கீர்த்திக்கு இன்ஹேலர்.

கீர்த்தி, தங்கச்சி செல்வியின் பெண். எண்ணூரில் வீடு, சுற்றிலும் கம்பெனிப் புகை. காற்று திரும்பினால் அந்தத் தெருவே கண்ணைக் கசக்கும். பிள்ளைக்கு வீசிங். காலி பண்ணிடலாம் என்று செல்வி. அவள் வீட்டுக்காரர் கன்டெய்னர் லாரி ஓட்டுறவர், அசைய மாட்டேங்கிறார். "எல்லா ஊர்லயுந்தான் புள்ளைங்க இருமுது. படிச்சவன் எவனாச்சும் சொல்லட்டும், காலி பண்லாம்."

நாளைக்குப் பேசுபவரும் படிச்சவர்தானே, வந்து கேள் என்று செல்வியிடம் சொல்லிவிட்டேன். வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம்.

நவம்பர் 8, சனி
மழை விட்டது. கூடத்தில் பாதி நாற்காலி காலி. மீதியில் எங்கள் மாணவிகள், வருகைப் பதிவுக்காக. செல்வி கடைசி வரிசை.

பேராசிரியர் நல்ல மனுஷர். அதுதான் கஷ்டம், திட்டக்கூட முடியவில்லை. வடசென்னை மக்களின் 'ரெசிலியன்ஸ்' அவரை நெகிழ வைக்கிறதாம். 'தாங்கும் சக்தி' என்று சொன்னேன். பின்னாலிருந்து ஒரு பெரியவர் எழுந்தார்.

"தாங்குவான்னு தெரிஞ்சா இன்னும் ரெண்டு மூட்ட சேத்து ஏத்துவாங்கம்மா. ஹார்பர்ல பாத்துக்கினுதானே கீறோம். அந்தக் கம்பெனியெல்லாம் அவரு ஏரியால வெச்சா இவரு தாங்குவாராமா? கேட்டுச் சொல்லு."

கூடமே சிரித்தது. பேராசிரியர் ஆவலாக என் பக்கம் திரும்பினார். முன்வரிசையில் து.த. (துறைத்தலைவர் மேடம்) என்னையே பார்த்துக்கொண்டு. வேலை நீட்டிப்பு அவர் கையில். "உங்கள் பேச்சை ரசிக்கிறார்கள்" என்று இங்கிலீஷில் சொன்னேன். பேராசிரியர் பெரியவரைப் பார்த்துக் கும்பிட்டார்.

கேள்வி நேரம் கிடையாது. டிபன் ஆறுகிறதாம். நேராக நன்றியுரை.

பஸ் ஸ்டாப்பில் செல்வி, "இன்னாக்கா, அந்தத் தாத்தா அம்மாம் நேரம் பேசுனாரு, நீ ஒரே வார்த்தைல முட்ச்சுட்ட?"
"இங்கிலீஷ்ல சுருக்கமாத்தான் இருக்கும்."
நம்பிவிட்டாள். அடுத்த சனிக்கிழமை உரைக்கும் வருகிறாளாம்.

நவம்பர் 11, செவ்வாய்
வெயில். பல் வலி. 

ஸ்டாஃப் ரூமில் யாரோ: "அந்தப் பக்கம் போய்ட்டு வந்தா புடவை எல்லாம் வாடை. ரெண்டு தரம் அலசினேன்." நான் குடியிருப்பது அந்தப் பக்கம்தான். டிபன் பாக்ஸை மூடிவிட்டேன்.

து.த. உத்தரவு: இந்த வாரம் மக்கள் கேள்வி கேட்டே ஆகணும், மைக்கோடு போட்டோ வேணும். சரி, செல்வி இருக்கிறாள். 

கீர்த்திக்கு நேற்று மறுபடி இழுப்பு. பெரியாஸ்பத்திரியில் மூக்கில் மாஸ்க் போட்டு மருந்து ஏற்றி அனுப்பியிருக்கிறார்கள். போனில் பேசும்போது நடுவில் நிறுத்தி மூச்சு வாங்குகிறாள். "பெரிம்மா... ஸ்கூல்ல... டான்ஸ்ல என்ன சேத்துக்கல." பேசி முடித்த பிறகு அடுப்படியில் நின்று அழுதேன். பால் பொங்கி வழிந்தது.

நவம்பர் 15, சனி
மூட்டம். இன்றைய தலைப்பு 'கேள்வி கேட்கும் குடிமக்கள்'. யார் வைத்தார்களோ, வாழ்க. பேசுபவர் அதே பேராசிரியர். 

செல்வி நல்ல புடவை கட்டி, தலைவாரி வந்திருந்தாள், கல்யாணத்துக்குப் போகிற மாதிரி. மைக் கை மாறி அவளிடம் வந்தது.

"சார், நாங்க எண்ணூர்ல கீறோம். எம் பொண்ணுக்கு மூச்சு வர்ல. அந்த வூட்ல இருக்கலாமா, கூடாதா? அது ஒண்ணு மட்டும் சொல்லுங்க சார்."

இந்த முறை ஒரு எழுத்தைக்கூட விடவில்லை. அப்படியே இங்கிலீஷில் சொன்னேன். அவர் நெஞ்சில் கை வைத்தார். கண் கலங்கியதுகூட. பேசினார். நான் தமிழில் சொன்னேன்: "மிக முக்கியமான கேள்வி. கேட்டதற்கு நன்றி."

செல்வி மைக்கை விடவில்லை. "அப்பறம்?"
அப்பறம் ஒன்றுமில்லை. போட்டோக்காரர் "அக்கா, இப்படிப் பாருங்க" என்றார். து.த. கை காட்டினார். நாட்டுப்பண் ஆரம்பித்தது. எல்லோரும் விறைப்பாக நின்றோம். செல்வி மைக்கைப் பிடித்தபடி.

நவம்பர் 16, ஞாயிறு
மழை. சங்கரா மீன் வாங்கி, ஆய்ந்து, அப்படியே ஃப்ரிட்ஜில். சமைக்க மனசில்லை.

செல்வி போன்.
"யக்கா, சார் இன்னா சொன்னாரு?"
"சொன்னேனே."
"அவ்ளோ பெரிய மன்ஷன், கண்ணு கலங்கிக்கினு அத்த மட்டுமா சொல்லுவாரு? அன்னிக்கி தாத்தா பேசுனத முழுங்குன மாரி இதயும் முழுங்கிட்டியா? அந்த மேடத்துக்குப் பயந்துக்கினு?"
"இல்லடி, சத்தியமா."
"எங்கிட்டயே மறைக்கிறியா?" வைத்துவிட்டாள்.

கூடப் பிறந்தவள் அப்படிக் கேட்டுவிட்டாள். கோபம் வரவில்லை. கேட்கிற மாதிரிதானே நடந்துகொண்டேன். அவர் இன்னும் ஏதோ சொல்லியிருப்பார் என்று அவள் நம்புகிறாள். அவர் ஒன்றுமே சொல்லவில்லை என்பதை எந்த மொழியில் அவளுக்குச் சொல்வது?

நவம்பர் 18, செவ்வாய்
பேப்பரில் போட்டோ. செல்வி, கையில் மைக், கண் கலங்கி. கீழே: 'ஆர்வத்துடன் பங்கேற்ற பெண்'. து.த. ஒரு பிரதி கொடுத்து, "உங்க தங்கச்சியா? சூப்பர்" என்றார். பீரியட் முடிந்ததும் பாத்ரூமில் கிழித்துப் போட்டேன்.

சாயங்காலம் காற்று இந்தப் பக்கம். இங்கேயே கண் எரிகிறது, எண்ணூரில் எப்படி இருக்கும். போன் பண்ணினேன். பின்னால் கீர்த்தி இருமும் சத்தம், நிற்கவே இல்லை.

"செல்வி, நீ சொன்னது சரிதான். மறைச்சுட்டேன். சார் சொன்னார். இருக்காதீங்க, உடனே கிளம்புங்கனு சொன்னார்."

செல்வி கீர்த்திக்குத் தண்ணீர் கொடுக்கும் சத்தம். பிறகு, "எனக்குத் தெரியும்க்கா" என்றாள். திட்டவே இல்லை.

நவம்பர் 19, புதன்
தூறல். பல் வலி இன்னும். மாணவிகள் பேப்பர் திருத்தணும்.

காலேஜுக்குக் கிளம்பும்போது செல்வி போன். குரலில் அப்படி ஒரு சந்தோஷம், எத்தனை நாளாச்சு கேட்டு.

"யக்கா, கீர்த்தி அப்பா ஒத்துக்கினாரு. படிச்சவரே சொல்லிட்டாரு, போலாம்னுட்டாரு. ஒண்ணுதான் கேக்கச் சொன்னாரு. எங்க போறதுன்னு சார் சொன்னாரா?"