ஹசன் அலி ஆடாத ஆட்டம்

தேரா, துபாய்

அன்புள்ள மாமிக்கு,

தக்ஷாயினி எழுதுகிறேன். நல்ல செய்தியை முதலில் சொல்லிவிடுகிறேன்: உங்கள் மகனுடைய வேலை போகவில்லை. நேற்றுத்தான் கல்லூரியில் கூப்பிட்டு உறுதி செய்தார்கள். விசாவும் புதுப்பிக்கிறார்கள். தொலைபேசியில் சொன்னால் நீங்கள் அழுவீர்கள், கேட்டு நானும் அழுவேன், கதை பாதியில் நின்றுவிடும். அதனால்தான் ஊருக்கு வரும் என் தோழி தாரிணியிடம் இதைக் கொடுத்து விடுகிறேன்.

இங்கே அல் கூஸ் பகுதியில் ஒரு கிடங்கில் டியூட்டி பார்த்துக்கொண்டு, வெள்ளிக்கிழமைகளில் மணல் மைதானத்தில் பந்தடித்துத் திரிந்தவரைத்தானே இந்தக் கல்லூரிக்காரர் கோச்சாக எடுத்தார்கள். அங்கே அதற்கு முன் கால்பந்து அணியே இருந்ததில்லை. முதல் நாள் பெடியங்கள் கிரிக்கெட் சப்பாத்தோடு வந்து நின்றார்களாம். அப்படிப்பட்ட அணி இந்த வருடம் கல்லூரிகளுக்கிடையிலான போட்டியில் அரையிறுதிக்குப் போனது. எல்லாரும் நம்பியிருந்தது ஹசன் அலியை. கோல் போடுகிறவன் அவன்தான்.

பயிற்சியில் அவன் ஒருநாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டான். படபடப்பு, வேறொன்றுமில்லை என்று சிரித்தானாம். இவர் சிரிக்கவில்லை. இதயத்தைச் சோதித்துக் காட்டினால்தான் ஆட்டத்தில் இறக்குவேன் என்று சொல்லிவிட்டார்.

அரையிறுதிக்கு முதல் நாள் பின்னேரம் அவனுடைய வாப்பா நெய்னா முகம்மது எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டார். இங்கே தேராவில் மசாலாக் கடை வைத்திருக்கிறவர். "எம் மவன் குதிரை மாதிரி ஓடுறான் தம்பி. ஊரு முழுக்கச் சொல்லி வச்சிருக்கேன். நீங்க அவனை வெளிய உக்கார வைப்பீங்களா?" என்று சத்தம் போட்டார். நான் தேத்தண்ணித் தட்டோடு அப்படியே நின்றேன்.

இவர் மெதுவாகத்தான் சொன்னார். "அண்ணை, என்ட தம்பி தாரகனும் இப்பிடித்தான் படபடக்குது எண்டு சொன்னவன். நாங்கள் ஒருத்தரும் அதைப் பெரிசா எடுக்கேல்லை. பள்ளிக்கூடக் கிரவுண்டிலயே விழுந்திட்டான், பிறகு எழும்பேல்லை. பதினேழு வயசு. உங்கட மகனை நான் இறக்க மாட்டன்."

நெய்னா அண்ணன் தேத்தண்ணியைத் தொடாமலே எழுந்து போய்விட்டார்.

ஹசன் இல்லாமல் ஆடி மூன்று கோல் வித்தியாசத்தில் தோற்றார்கள். விளையாட்டுப் பொறுப்பாளர் மைதானத்திலேயே, "கலாஸ், முடிந்தது. அடுத்த வருடம் வேறு ஆள் பார்க்கிறோம்" என்று சொல்லிவிட்டார். அந்த நாட்களில்தான் நீங்கள் என் குரல் சரியில்லை என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். இவர் பழைய கிடங்கு முதலாளியிடம் திரும்ப வேலை கேட்டுப் போனார்.

கோபமாகப் போனாலும் நெய்னா அண்ணன் மகனை ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போயிருக்கிறார். பிறவியிலிருந்தே இதயத் துடிப்பில் கோளாறாம். வெயிலில் முழு ஆட்டம் ஓடியிருந்தால் உயிருக்கே ஆபத்தாகியிருக்கும் என்று டாக்டர் சொன்னாராம். தொடை வழியாக மெல்லிய குழாய் விட்டுச் சரிசெய்துவிட்டார்கள். சில வாரங்களில் ஓடலாம், ஆடலாம்.

அண்ணன் நேரே கல்லூரிக்குப் போய் மேலிடத்தில் பேசியிருக்கிறார். இனி எல்லாப் பிள்ளைகளுக்கும் இதயப் பரிசோதனை செய்த பிறகே பயிற்சி என்று முடிவாகியிருக்கிறது. வேறு கோச் தேடும் பேச்சும் அதோடு நின்றது. பிறகு அவரும் மனைவி ஹாலிதாவும் பெரிய சட்டி நிறைய நெய்ச்சோறோடு இங்கே வந்தார்கள். ஹாலிதா அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

மாமி, ஒன்று கேட்க வேண்டும். நான் உங்கள் வீட்டுக்கு மருமகளாக வந்த நாள் முதல் தாரகனின் பெயரை அங்கே யாரும் வாய்விட்டுச் சொல்லிக் கேட்டதில்லை. நீங்கள் தாங்கமாட்டீர்கள் என்று இவர் பேசுவதில்லை. இவர் தாங்கமாட்டார் என்று நீங்களும் பேசுவதில்லை. அன்று அந்தப் பெயரைச் சொன்ன பிறகு இவர் முகமே தெளிந்துவிட்டது. இப்போதெல்லாம் அவன் இடது காலால் அடிப்பான், தோற்றால் சாப்பிடமாட்டான் என்று எனக்குச் சொல்கிறார்.

வெள்ளிக்கிழமை இவர் உங்களுக்குத் தொலைபேசி எடுப்பார். சாப்பிட்டாயா என்று கேட்டுவிட்டு வைத்துவிடாதீர்கள். தாரகனைப் பற்றி நீங்களே பேச்சைத் தொடங்குங்கள் மாமி. பக்கத்தில் நான் இருப்பேன்.

என்றும் உங்கள் அன்பு மருமகள்,
தக்ஷாயினி